ஊழியமும் தொண்டும்: நாஞ்சில் நாட்டு வரலாற்றில் ஒரு பகுதி

ஊழியம் என்னுஞ் சொல்லைக் கிறித்தவ நண்பர் இக்காலத்துத் தம் சமயப் பணிக்கு வழங்கக் கேட்கின்றோம். இருநூறாண்டுகட்கு முன் நாஞ்சில் நாட்டிலிருந்த ஏழை மக்கள் செவியில் அச்சொல் இனிதாக ஒலித்ததில்லை. கூலி கொடாது அரசு வலிந்து வாங்கிய வேலைக்கு அதுவே பெயராயிருந்தது. அவ்வேலையைத் தம் சமயங் காரணமாகச் செய்ய மறுத்தார் சிலரது வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அது சைவர்க்கு முற்றும் உவப்பான வரலாறன்று. ஆயினும் சைவரே நன்கறிய வேண்டுவது.

தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களுஞ் சேர்ந்த நாஞ்சில் நாடு அக்காலத்தே திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. ஊழியஞ் செய்யக் கடமைப்பட்டோர் பனைத்தொழில் செய்த நாடாரும், சாம்பவர் முதலிய ஒடுக்கப்பட்ட வகுப்பினருமாவர். உப்புச் சுமத்தல், விறகு கொணர்தல், அரசாங்க யானைகட்கு ஓலை கொடுத்தல், வழிச்செல்லும் அதிகாரிகளின் மூட்டை தூக்குதல் என அவ்வேலைக்கு ஓர் எல்லையில்லை. ஊட்டுப்புரைகட்கும் கோயில் விழாக்கட்கும் வேண்டிய பண்டங்கள் அவர்கள் தலைமீதே சென்றன. திருவனந்தபுரத்தில் ஆறாண்டுக்கொருமுறை ஐம்பத்தாறு நாள் நிகழும் முறைஜபத்திற்கும் சுமையாட்கள் வேண்டியிருந்தனர். பனையேறுவோன் நாடோறும் மரமேறிப் பாளை சீவுதல் வேண்டும். தவறின் பதநீர் நின்றுபோம். அழைப்பு வந்த நாள் அவன் வீட்டில் அடுப்பெரியாத நாளாயிற்று. இவ்வளவுஞ் சுமந்து சென்றவன் கோயிலுக்கு நெடுந்தொலைவிலேயே சுமையை இறக்கித் திரும்பவேண்டும். அவன் சுமந்த பொருள் உள்ளே செல்லலாம், அவன் செல்லலாகாது.

கோயில்வேலை அரசவேலையாக மேலும் இறுகியதற்கு ஒரு காரணம் உண்டு. ரெசிடெண்டாக வந்து 1811-இல் திவான் பொறுப்பையும் ஏற்ற கர்னல் மன்றோ, முந்நூற்றுக்கு மேற்பட்ட பெருங்கோயில்களையும் எண்ணிறந்த சிறு கோயில்களையும் அவற்றின் சொத்துக்களோடு அரசின் ஆட்சியிற் சேர்த்தார். அதன்பின் கோயிற் சுமையை மறுத்தல் அரசாணையை மறுத்தலேயாயிற்று. சிவன் சொத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது பற்றி நம்மவர் பலர் வருந்தி யெழுதியுள்ளனர். சிவன் பெயராற் சர்க்கார் வாங்கிய சுமையைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே.

இதற்குச் சற்று முன்னரே மயிலாடியில் வேதமாணிக்கம் என்பவரை முதல்வராகக்கொண்டு ஒரு கிறித்தவக் கூட்டம் தோன்றியிருந்தது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1809-இல் அங்கே ஒரு கோயில் எடுப்பித்தார். புதிதாக அச்சமயம் புக்கோர் இரண்டு வேலைகளைச் செய்யோம் என்றனர்: ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் எவ்வேலையும், மற்றொன்று எந்நாளிலும் கோயிற்கும் விழாவிற்குமாகிய வேலை. பிற ஊழியங்களை அவர்கள் மறுத்திலர் என்பது கருதத்தக்கது. மன்றோ அவ்விரண்டினின்றும் அவர்கட்கு விலக்களித்தார். ஆணை பிறந்ததே யொழியச் சிற்றூர் அதிகாரிகள் அதனை மதித்திலர். ஞாயிற்றுக்கிழமையில் ஆள்பிடித்தார்கள் என்னும் முறையீடு பின்னும் எழுந்துகொண்டேயிருந்தது. மேலாடைக் கலகத்தையொட்டி 1829 பிப்ரவரி 3-இல் அரசி கௌரி பார்வதி பாயி விடுத்த அறிக்கை, நாடார் பெண்டிர் மேலாடை அணிதலைத் தடுத்து, ஊழியமும் பண்டுபோற் செய்தல் வேண்டுமென்றது. எனினும் ஞாயிறும் கோயில்வேலையும் ஆகிய விலக்கினை மட்டும் அதுவும் விட்டுவைத்தது.

கோயிற்பணியை மறுத்தார் என்னும் செய்தி கேட்டமாத்திரையில் நம்மவர் சிலர் இது சிவத்துரோகமன்றோ என்பர். யாம் அங்ஙனங் கருதுகின்றிலேம். வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் 1806-இல், புதுத் தலைப்பாகையைப் புகுத்தி நெற்றிக் குறியையும் கடுக்கனையும் விலக்கிய படைவிதியை ஏற்க மறுத்துக் கசையடியும் பட்டனர். திருநீற்றை அழியேம் என்றார் என அவரைப் போற்றும் நாம், மயிலாடியாரை வேறொரு கோலால் அளத்தல் முறையாமா? சென்னைப் படைத்தலைவராயிருந்த சர் பெரிகிரின் மெயிட்லண்டு என்னும் ஆங்கிலரும், கோயில் விழாக்களிற் படையை மரியாதை செய்விக்கும் வழக்கம் தம் சமயத்திற்கு ஒவ்வாதெனக் கூறி 1838-இற் பதவி துறந்தார். அவர்க்குத் துறக்கப் பதவியும் செல்லக் கப்பலும் இருந்தன. பனையடியில் நின்றவனுக்குத் துறப்பதற்கு யாதிருந்தது?

நம் நூன்முறையும் இதனையே காட்டும். சிவஞான சித்தியார் சரியையைத் தாச மார்க்கம் எனக் கூறும். அலகிடுதல், மெழுகிடுதல், மலர் பறித்தல் யாவும் அன்பினால் தானே முற்பட்டுச் செய்யும்போதே சரியையாம். பிரம்புக்கு அஞ்சிச் செய்தது சுமையேயன்றிப் பிறிதில்லை. உழவாரப்படை தாங்கிய அப்பரடிகளே பல்லவன் அழைப்புக்கு இணங்காது நின்றார். திருவிளையாடலிலோ இன்னும் தெளிவு. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கோர் ஆள் என்று பாண்டியன் வகுத்ததும் ஊழியமே. பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கு ஆளில்லை. ஆளாக வந்த பெருமான் பிட்டுண்டு, ஆடிப்பாடித் துயின்றானேயன்றி அவள் பங்கை அடைத்திலன். அரசன் ஓச்சிய பிரம்பு எவ்வுயிர் மேலும் பட்டது. ஊழியக்காரன் முதுகில் விழும் அடி யார்மேல் விழுகின்றது என்பதை நாடோறும் படித்தும் நாஞ்சில் நாட்டுச் சைவப் பெருமக்கள் அதனைத் தம் ஊரிற் கண்டிலரே!

மன்றோ அளித்த விலக்கிலும் ஒரு குறையுண்டு. சமயம் மாறினவனுக்கே அவ்விலக்கு. மாறாது நின்றவன் தோளில் சுமை அப்படியே இருந்தது. தன் முன்னோர் தெய்வத்தை விடாமை ஒன்றே அவனுக்குக் குற்றமாயிற்று. மதமாற்றத்தைப் பற்றி ஓயாது வருந்துவோர் இக்கணக்கினையும் ஒருகாற் பார்த்தல் நலம். அங்ஙனம் மாறாது நின்றோர்க்காகப் பேச எழுந்தவர் சாமித்தோப்பு வைகுண்டசுவாமி (1809-1851). அவர் வழி சைவ வழியன்று; எனினும் ஊழியத்தையும் கொடுவரியையும் எதிர்த்துரைத்துத் திருவனந்தபுரத்தில் சிறையிருந்தார்.

சர் டி. மாதவராவ் திவானாயிருந்த 1858 முதல் 1872 வரையிலான காலத்தில் ஊழியம் படிப்படியாகத் தளர்ந்தது. அதன்பின்னும், சுமந்தோர் வழிவந்த மக்கள் அச்சுமை சென்றுசேர்ந்த சந்நிதியைக் காண அறுபதாண்டுக்கு மேலாயிற்று. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12-ஆம் நாள். சுசீந்திரத்துத் தாணுமாலயன் கோயிற் கதவும் அதன்பின்னரே அவர்கட்குத் திறந்தது.