ஈரத்துக்கு அஞ்சும் சிவப்பு: வெள்ளை எல்இடி பாஸ்பர்களின் மேற்பரப்புச் சீரமைப்பு

1996இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வெள்ளை எல்இடியில், நீல ஒளி உமிழும் சில்லின் மேல் சீரியம் கலந்த மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் தூள்) மட்டுமே இருந்தது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாயின. ஆனால் அந்த வெள்ளையில் சிவப்பு குறைவு. தக்காளியும் மனிதத் தோலும் வெளிறித் தெரிந்தன. குறையை நிரப்ப எடுத்தாளப்பட்ட யூரோப்பியம் கலந்த கால்சியம், ஸ்ட்ரான்சியம் சல்பைடுகள் ஈரக்காற்றில் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிட்டன. எல்இடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சை அது கறுக்க வைத்தது. ஈரத்தின் தொல்லை சிவப்பு பாஸ்பரோடு கூடவே வந்ததுதான்.

அடுத்து வந்த நைட்ரைடு பாஸ்பர்கள் உறுதியானவை. ஆனால் அவற்றின் உமிழ்வுப் பட்டை அகலமானது. 650 நானோமீட்டரைத் தாண்டும் ஒளியைக் கண் அரிதாகவே உணர்வதால், அப்பகுதிக்குச் செலவாகும் ஆற்றல் பெரும்பாலும் வீண்.

இங்கேதான் மாங்கனீசு கலந்த பொட்டாசியம் ஃபுளூரோசிலிகேட் கவனம் பெற்றது. ஃபுளூரைடுகளில் நான்கு நேர்மின்னேற்றம் கொண்ட மாங்கனீசு திறம்பட ஒளிர்வதை ஆய்வாளர் பாலுஸ் 1973இலேயே எழுதியிருந்தார்; நீல எல்இடி இல்லாத காலத்தில் அதற்குப் பெரிய தேவை எழவில்லை. 2008இல் ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தில் அடாச்சியும் தகஹாஷியும் சிலிக்கான் தகட்டை ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கலந்த கரைசலில் அரித்து இதே பாஸ்பரைத் தயாரித்தனர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இதை 'ட்ரைகெயின்' என்ற பெயரில் வணிகமாக்கியது. 631 நானோமீட்டர் அருகே கூர்மையான சிவப்புக் கோடு; வீணாவது மிகக் குறைவு.

சிக்கல் மேற்பரப்பில் இருந்தது. சிவப்பாக ஒளிரும் இந்தப் பாஸ்பரின் தூள் பார்வைக்கு மஞ்சள்; அதை நீரில் போட்டால் பழுப்பேறிவிடும். மேற்பரப்பு மாங்கனீசு நீருடன் வினைபுரிந்து மாங்கனீசு டைஆக்சைடாக மாற, ஹைட்ரஜன் ஃபுளூரைடும் உண்டாகிறது. அந்தப் பழுப்புத் தோல் உள்ளே போகும் நீலத்தையும் வெளியே வரும் சிவப்பையும் ஒருசேர விழுங்குகிறது. உட்படிகமோ பெரும்பாலும் பழுதின்றி இருக்கும்.

முதலில் தோன்றிய யோசனை, அயல்பொருளால் போர்த்துவது. 2015இல் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தின் லியூ குழு அல்கைல் பாஸ்பேட் அடுக்கால் படிகத்தை நீர் ஒட்டாததாக்கியது. பயன் உண்டு, ஆயினும் போர்வையில் இடைவெளி விழுந்தால் பழைய கதைதான்.

பின்னர் எழுந்த வழி எனக்கு மேலானதாகத் தெரிகிறது: மேற்பரப்பிலிருந்து மாங்கனீசையே அகற்றிவிடுவது. ஹைட்ரஜன் பெராக்சைடு மேற்பரப்பு மாங்கனீசைக் கரையும் வடிவத்துக்கு ஒடுக்குகிறது. கலப்பில்லாத அதே ஃபுளூரைடு ஓடாக எஞ்சுகிறது. ஓடும் உட்கருவும் ஒரே படிக அமைப்பு என்பதால் பிளவுக்கு இடம் குறைவு. ஜெனரல் எலக்ட்ரிக்கோ உயர்வெப்பத்தில் ஃபுளூரின் வாயுவில் பதப்படுத்தி, ஃபுளூரோசிலிகேட் நிறைந்த அமிலக் கரைசலில் கழுவும் முறையைக் கையாண்டது.

இத்துறைக் கட்டுரைகள் பலவற்றில் பாஸ்பரை நீரில் ஊறவைத்து எடுத்து, எஞ்சிய ஒளிர்வைச் சதவீதமாகத் தருகிறார்கள். விளக்குக்குள் இருக்கும் தூளோ நீரில் மூழ்குவதில்லை. வெப்பம், ஈரம், இடைவிடாத நீல ஒளி மூன்றையும் சேர்த்துத் தாங்குகிறது. எனவே 85 பாகை செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதத்தில், விளக்கை எரியவிட்டு எடுத்த அளவீடு இல்லாத எந்த முறையையும் வெற்றி என்று ஏற்பதற்கில்லை.