விருந்துப் படகுக்கு அடியில் ஓடும் ஆறு

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரைக் காணச் செல்வோரில் பலர் ஒரு மாலைப் பொழுதைப் படகுக்கென்று ஒதுக்கிவிடுகின்றனர். கதிரவன் சாயும் வேளையில் கபாதாஷ், எமினோனு முதலிய படகுத் துறைகளிலிருந்து விளக்குகள் மின்ன விருந்துப் படகுகள் புறப்படுகின்றன. மேசையில் மீனும் இறைச்சியும் பரிமாறப்படுகின்றன. நடுவே நாட்டுப்புற ஆட்டம் நடக்கிறது. படகு வடக்கு நோக்கிச் செல்லும்போது இடப்புறம் ஐரோப்பா, வலப்புறம் ஆசியா! இரு கண்டங்களுக்கு நடுவில் அமர்ந்து இரவு உணவு கொள்ளும் வாய்ப்பு எல்லா ஊர்களிலும் கிட்டுமா?

இந்த நீர்வழிதான் பாஸ்போரஸ் ஜலசந்தி. வடக்கே கருங்கடலையும் தெற்கே மர்மரா கடலையும் இணைக்கும் இதன் நீளம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். மர்மரா கடல் மேலும் தெற்கே மத்தியதரைக் கடலோடு தொடர்பு கொண்டுள்ளது.

படகில் உங்களையும் ஏற்றி அனுப்புவோம். முதலில் இடப்புறம் 1856-இல் கட்டி முடிக்கப்பட்ட டோல்மபாஷே அரண்மனை. அடுத்து, 1973-இல் திறக்கப்பட்ட முதல் தொங்கு பாலம் தலைக்கு மேலே கடந்து போகும். கரையோரமாக, நீரில் கால் வைத்து நிற்பதுபோல் பழைய மர மாளிகைகள். இவற்றையெல்லாம் பயண வழிகாட்டி நூல்களே விரிவாகச் சொல்லிவிடும். நாம் விரைந்து குறுகலான இடத்துக்குப் போய்விடுவோம்.

அங்கே நீரின் அகலம் 700 மீட்டர் அளவே. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக மன்னன் டேரியஸ் படகுகளை வரிசையாகப் பிணைத்துப் பாலமிட்டுத் தன் படையை ஐரோப்பாவுக்குள் கொண்டு சென்றது இந்த ஜலசந்தியின் மீதுதான். கி.பி. 1452-இல் ஒட்டோமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெது ருமேலி ஹிசார் என்ற பெருங்கோட்டையை இக்குறுகலின் ஐரோப்பியக் கரையில் நான்கே மாதங்களில் எழுப்பினார். எதிர்க்கரையில் அவருடைய கொள்ளுப்பாட்டனார் கட்டிய கோட்டை ஒன்று முன்பே இருந்தது. இரண்டிலும் பீரங்கிகளை நிறுத்தியதும் ஜலசந்தி பூட்டப்பட்டதாயிற்று. கருங்கடல் பக்கத்திலிருந்து தானியமோ உதவியோ கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வர இயலவில்லை. 1453 மே 29 அன்று நகரம் வீழ்ந்தது. அந்த நகரமே இன்றைய இஸ்தான்புல்.

கோட்டையைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் நீரையும் பாருங்கள். போகும்போது படகு திணறுகிறது. திரும்பும்போது எளிதாக வருகிறது. காரணம், மேற்பரப்பு நீர் எப்போதும் கருங்கடலிலிருந்து மர்மராவை நோக்கி ஓடுவதுதான். (தென்காற்று பலமாக வீசும் சில நாட்களில் மட்டும் இது தயங்கும், சில வேளை திரும்பவும் செய்யும்.) டான்யூப், நீப்பர் போன்ற பேராறுகள் கருங்கடலில் கொட்டும் நீரும் மழைநீரும் சேர்ந்து, அங்கே ஆவியாகும் நீரைவிட மிகுதியாக உள்ளன. எனவே கருங்கடலின் மட்டம் சராசரியாக 30 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. மிகுதி நீர் தெற்கே வழிகிறது. இதில் புதிர் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கேள்வி எழ வேண்டுமே! ஆறுகள் கொண்டுவருவது நன்னீர். வெளியேறுவதோ உப்பு நீர். இப்படியே பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தால் கருங்கடலின் உப்பு முழுவதும் கரைந்து போயிருக்க வேண்டாமா? ஏன் போகவில்லை?

இதற்கான விடையின் ஒரு நுனி, அப்பகுதி மீனவர்களின் கையில் வெகுகாலமாக இருந்தது. 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோபியஸ், வலையின் மேற்பகுதி ஒரு பக்கமும் ஆழத்தில் உள்ள பகுதி எதிர்ப்பக்கமும் இழுக்கப்படுவதாக மீனவர்கள் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆயினும் அதன் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, அதை அளந்து பார்க்க வேண்டும் என்று கற்றவர்களுக்குத் தோன்றவில்லை.

1679-இல் இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த லூயிஜி பெர்டினாண்டோ மார்சிலி, வெனிஸ் நாட்டுத் தூதருடன் இந்நகருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 21. அடிநீர் எதிர்த்திசையில் ஓடுகிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. அவர் அதை நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. வெள்ளை வண்ணம் பூசிய தக்கைகளை ஒரு கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டி நீரில் இறக்கினார். மேலே இருந்த தக்கைகள் மர்மராப் பக்கம் சாய்ந்தன. ஆழத்தில் இருந்தவை கருங்கடல் பக்கம் சாய்ந்தன. மீனவர் சொன்னது மெய்!

அத்தோடு அவர் நிற்கவில்லை. மேல்நீரையும் அடிநீரையும் எடுத்து நிறுத்துப் பார்த்தார். அடிநீர் கனமாக இருந்தது. பின்னர் ஒரு தொட்டியை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் சாயம் கலந்த அடிநீரையும் மறுபக்கம் கருங்கடல் மேல்நீரின் அடர்த்தி கொண்ட நீரையும் நிரப்பினார். தடுப்பின் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. துளைகளைத் திறந்ததும் கனமான சாயநீர் கீழ்த்துளை வழியாக ஒரு பக்கம் பாய, இலேசான நீர் மேல்துளை வழியாக எதிர்ப்பக்கம் பாய்ந்தது. ஜலசந்தி முழுவதும் ஒரு தொட்டிக்குள் அடங்கிவிட்டது. தம் முடிவுகளை 1681-இல் ரோம் நகரில் நூலாக வெளியிட்டார். கடலைப் பற்றிய ஒரு கருத்தைச் சோதனைக் கூடத்தில் சரிபார்த்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. அவரோ படைவீரர், 1683-இல் போரில் சிறைப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, அடுத்த ஆண்டுதான் மீண்டார். நூல் அதற்கு முன்பே வெளிவந்துவிட்டது நம் நல்வினை.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். நீளமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை அட்டையால் இறுக்கமாகத் தடுத்து, ஒரு பக்கம் குழாய் நீரையும் மறுபக்கம் நிறைய உப்பும் சிறிது சொட்டு நீலமும் கலந்த நீரையும் ஊற்றுங்கள். அட்டையை மெதுவாக உருவுங்கள். நீல நீர் தரையோடு தரையாக ஊர்ந்து செல்வதைக் காண்பீர்கள்.

இனி உப்புக் கணக்கு. கருங்கடல் மேல்நீரில் ஆயிரம் கிராமுக்கு ஏறத்தாழ 18 கிராம் உப்பு. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் அடிநீரில் அதைப்போல் இரு மடங்கு. ஆண்டுதோறும் வெளியேறும் மேல்நீர் சுமார் 600 கன கிலோமீட்டர். உள்ளே நுழையும் அடிநீர் அதில் பாதி. பாதி நீர், இரு மடங்கு உப்பு! வரவும் செலவும் சரியாகப் போய்விடுகின்றன.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த அடியாற்றுக்கு வேறொரு வேலை கொடுக்கப்பட்டது. கோடியை எட்டிப் பின் தாண்டிய இஸ்தான்புல் மக்கள்தொகையின் கழிவுநீரை எங்கே விடுவது? பொறியாளர்கள் மார்சிலி கண்ட ஓட்டத்தை நாடினர். குப்பையையும் மணலையும் மட்டும் அகற்றிவிட்டு, குழாய்கள் வழியே ஆழத்து நீரில் விட்டால் அது வடக்கே கருங்கடலுக்குப் போய்விடும் என்பது திட்டம். பல நிலையங்கள் நெடுங்காலம் இவ்வாறே இயங்கின. விருந்துப் படகுகள் பல திரும்பும் இரண்டாம் பாலத்தின் அருகே, பால்டாலிமானியிலும் அத்தகைய நிலையம் ஒன்று எழுந்தது.

திட்டம் கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் தொட்டியில் இரு நீர்களுக்கும் நடுவே தெரிந்த கோடு, மெய்யான கடலில் அத்தனை தெளிவாக இருப்பதில்லை. குறுகலிலும் தென்முனையிலும் ஓட்டம் வேகம் பிடிக்க, இரு நீர்களும் உரசிக் கலக்கின்றன. வடகாற்று மிகும் நாட்களில் அடியோட்டமே தடைபடுவதும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் வசந்தத்தில் மர்மரா கடல் வெளுத்த சளி போன்ற படலத்தால் மூடுண்டது. துருக்கியர் அதைக் கடலின் எச்சில் என்று அழைத்தனர். வலைகள் அடைபட்டன, அடித்தரை உயிர்கள் மூச்சின்றி மடிந்தன. நீர் வழக்கத்தைவிட வெம்மையாக இருந்ததும், சுற்றிலுமுள்ள ஊர்களும் ஆலைகளும் வயல்களும் விட்ட கழிவுச் சத்துகளும் சேர்ந்தே இதை விளைவித்தன. அவ்வாண்டே மர்மரா பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்கும் பணிகளும் முடுக்கிவிடப்பட்டன. ஆழத்தில் விடப்படும் கழிவில் ஒரு பங்கு கருங்கடலை எட்டாமல் வழியிலேயே மேலேறி, விருந்துப் படகுகளைத் திருப்பிக் கொண்டுவரும் அதே நீரோட்டத்தில் நகரை நோக்கி வந்து சேர்கிறது.