கணக்கு நாள் கனி விழாவான கதை: தூ பிஷ்வாத்தின் தோற்றமும் வழக்கங்களும்

யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15ஆம் நாள், ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையே வரும். மரங்களின் புத்தாண்டு எனப்படும் இந்நாளுக்கு 'தூ பிஷ்வாத்' என்று பெயர். பழங்கள் பரிமாறுவதும் மரக்கன்று நடுவதும் இன்று இதன் அடையாளங்கள். இதன் தோற்றம் பற்றி இரண்டு கருத்துகள் பரவலாக உள்ளன. பண்டைய கானானிய மர வழிபாட்டின் எச்சம் இது என்பது ஒன்று; 16ஆம் நூற்றாண்டு ஞானி ஈசாக் லூரியா ஏற்படுத்தியது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் போதிய சான்று இல்லை. வேளாண் காணிக்கைக் கணக்குக்காக வகுத்த ஒரு நாளின் மேல் பிற்காலச் சமூகங்கள் தத்தம் தேவைக்கேற்பச் சடங்குகளை ஏற்றின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எபிரேய விவிலியத்தில் இந்த நாளைப் பற்றிய குறிப்பே இல்லை. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'ரோஷ் ஹஷானா' பகுதிதான் முதற்சான்று. அது நான்கு புத்தாண்டுகளைப் பட்டியலிடுகிறது: அரசர்களுக்கும் பண்டிகைகளுக்கும் ஒன்று, கால்நடைத் தசமபாகத்துக்கு (பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) ஒன்று, ஆண்டுக் கணக்குக்கும் காய்கறிகளுக்கும் ஒன்று, மரங்களுக்கு ஒன்று. நிதியாண்டையும் கல்வியாண்டையும் தனித்தனியே வைத்திருக்கும் நமக்கு இந்தப் பகுப்பு புதிதல்ல.

மரங்களுக்குத் தனி ஆண்டு ஏன் தேவைப்பட்டது? ஓர் ஆண்டின் விளைச்சலுக்கு மற்றோர் ஆண்டின் விளைச்சலிலிருந்து தசமபாகம் செலுத்தக் கூடாது. ஏழாண்டுச் சுற்றில் 1, 2, 4, 5ஆம் ஆண்டுகளின் இரண்டாம் தசமபாகத்தை எருசலேமுக்குக் கொண்டுசென்று உண்ண வேண்டும். 3, 6ஆம் ஆண்டுகளில் அதற்குப் பதிலாக ஏழைகளுக்குப் பங்கு தர வேண்டும். மூன்றாம் ஆண்டின் ஷெவாத் 15க்கு முன் ஒரு மரத்தில் பிஞ்சு பிடித்தால் அது இரண்டாம் ஆண்டுக் கணக்கு; உரிமையாளர் எருசலேமுக்குப் போயாக வேண்டும். அதற்குப் பின் பிடித்த பிஞ்சு ஏழைக்கு உரியது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்திருக்கும் என்று மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் இந்நாளுக்குக் காரணம் சொல்கிறது.

மாதத்தின் 15ஆம் நாள் முழுநிலவு நாள் என்பதால், இதற்கு முன்பே மக்கள் விழா ஒன்று இருந்திருக்கும் என்று சிலர் ஊகிக்கின்றனர். மிஷ்னாவே இதற்கு எதிர்ச்சான்று தருகிறது. மரங்களின் புத்தாண்டு ஷெவாத் முதல் நாள் என்றனர் ஷம்மாய் மரபினர். 15ஆம் நாள் என்றனர் ஹில்லேல் மரபினர். ஊரறிந்த விழா ஒன்று 15ஆம் நாளில் நிலைபெற்றிருந்தால், எந்த நாள் என்ற சர்ச்சைக்கே இடமிருந்திருக்காது.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. காலப்போக்கில் யூதர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணை விட்டே சிதறினர். தசமபாகக் கடமை இல்லாத நாடுகளிலும் இந்த நாள் பிழைத்ததற்கு, புத்தாண்டுப் பட்டியலில் அது பெற்ற இடமே காரணம். புத்தாண்டு என்று வகைப்படுத்திய நாளில் பொது நோன்பு விதிக்கலாகாது என்ற தீர்ப்பை, மைன்ஸ் நகரின் ரப்பி கெர்ஷோம் (11ஆம் நூற்றாண்டு) வழங்கியதாக மரபு கூறுகிறது. யோசேப்பு காரோ சஃபேத் நகரில் தொகுத்து 1565இல் அச்சான 'ஷுல்ஹான் ஆருக்' சட்டநூலும், அன்று நோன்பையும் மன்றாட்டு வேண்டுதலையும் விலக்குவதோடு நின்றுவிடுகிறது. பழ விருந்து பற்றி அதில் பேச்சில்லை.

லூரியா வாழ்ந்ததும் அதே சஃபேத்தில்தான். அவர் 1572இல் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் விருந்து முறை 18ஆம் நூற்றாண்டில் இஸ்மீரில் அச்சான 'ஹெம்தத் யாமிம்' நூலில்தான் விரிவாகக் கிடைக்கிறது. லூரியாவின் போதனைகளில் இவ்வழக்கம் இல்லை என்பதை அந்நூலாசிரியரே ஒப்புக்கொண்டு, தம் கருத்தில் இது சிறந்த ஆன்மிகச் சீரமைப்பு என்று பரிந்துரைக்கிறார். சடங்கின் அமைப்பு நுட்பமானது. பழங்கள் முப்பது, மூன்று பத்துகளாகப் பிரிந்தவை: அத்தி, திராட்சை போல முழுவதும் உண்ணத்தக்கவை; ஒலிவம், பேரீச்சை போல உள்ளே கொட்டை உடையவை; மாதுளை, வாதுமை போல வெளியே ஓடோ தோலோ மூடியவை. இவை கபாலா என்னும் யூத மறைஞான மரபு கூறும் கீழ் உலகங்கள் மூன்றுக்கும் அடையாளம். வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நான்கு கிண்ண மதுவும் உண்டு. ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களுக்கு இத்தத்துவம் தேவைப்படவில்லை. நெடும்பயணத்தில் கெடாத உலர்ந்த கேரப் காயைப் புனித நாட்டின் நினைவாக மென்றார்கள்.

இந்தியாவிலும் இதற்கொரு வடிவம் உண்டு. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் இந்நாளை இறைவாக்கினர் எலியாவுக்கு உரியதாக்கினர். அலிபாக் அருகேயுள்ள கண்டாளா சிற்றூரிலிருந்து அவர் விண்ணேறினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் கலந்து, பழங்களோடு 'மலீதா' படைக்கிறார்கள். தேதி மிஷ்னாவினுடையது, தட்டில் இருப்பது கொங்கணத்தினுடையது.

மரம் நடுதல் மிக அண்மையது. 1890இல் ஆசிரியர் சயேவ் யாவெட்ஸ் பாலஸ்தீனத்தின் சிக்ரோன் யாக்கோவ் குடியேற்றத்தில் மாணவர்களை அழைத்துச் சென்று கன்று நட்டார். 1908இல் எபிரேய ஆசிரியர் சங்கம் இதைப் பொது வழக்கமாக்கியது. யூத தேசிய நிதியம் அதைப் பேரியக்கமாக வளர்த்தது. 1949 பிப்ரவரி 14 அன்று, தூ பிஷ்வாத் நாளிலேயே, இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் முதல் அமர்வு கூடியது. கனிமரங்களுக்காக வகுத்த நாளின் பெயரால் பைன் காடுகள் எழுந்தன. 1967இல் இடிக்கப்பட்ட பாலஸ்தீனக் கிராமங்களான இம்வாஸ், யாலோ இருந்த நிலத்தில் அந்நிதியம் அமைத்த கனடா பூங்கா இன்று நிற்கிறது. நடுதலை நில உரிமையின் அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

பழைய சட்டத்துக்கும் புதிய வழக்கத்துக்கும் உள்ள தூரத்தை ஏழாம் ஆண்டு காட்டிக்கொடுக்கிறது. நிலத்துக்கு ஓய்வளிக்கும் அந்த ஆண்டில் நடுவதே விலக்கு. 2022 ஜனவரியில் வந்த தூ பிஷ்வாத் அத்தகைய ஆண்டில் அமைந்ததால், சட்டத்தைப் பேணுவோர் மண்வெட்டியைத் தொடவில்லை. ஆதியிலிருந்தே இது நடவு விழாவாக இருந்திருந்தால் இந்த முரண் எழுந்திருக்காது.

ஆகவே தூ பிஷ்வாத்தைத் தொன்மையான இயற்கை விழா என்று எழுதுவது வரலாறு ஆகாது. நாள் தொன்மையானது, விழா பிற்காலத்தது. இவ்விரண்டின் வயதையும் தனித்தனியே கணக்கிடுவதுதான் பண்டிகை ஆய்வின் முதல் கடமை.