சிஸ்டிக் ஃபைப்ரோசிசும் எலும்பு நலமும்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது உடலில் சளி, வியர்வை, செரிமான நீர் ஆகியவற்றைச் சுரக்கும் உறுப்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு இந்நோய் வரும். நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகித் தங்கிவிடும். கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, உண்ட கொழுப்பு செரிக்காமல் வெளியேறும்.

இந்நோய் என்றதும் நுரையீரலே நினைவுக்கு வருகிறது. எலும்பையும் இது அரிக்கிறது என்பது, நோய் அடையாளம் காணப்பட்டு ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்தே மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. அதற்கு முன் இந்தக் குழந்தைகள் எலும்பு நொறுங்கும் வயது வரை உயிரோடு இருக்கவில்லை என்பதே முதன்மைக் காரணம்.

குழந்தைகளின் நோயாக இருந்த காலம்

முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்றொரு நம்பிக்கை பழைய ஐரோப்பாவில் இருந்தது. அந்த உப்பின் காரணம் யாருக்கும் தெரியவில்லை. 1938-இல் நியூயார்க் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் டோரதி ஆண்டர்சன், இறந்த குழந்தைகளின் உடற்கூறாய்வுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, 49 குழந்தைகளைப் பற்றிய விரிவான கட்டுரையை வெளியிட்டார். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயால் இறந்ததாகக் கருதப்பட்ட பிள்ளைகள் பலருக்கு உண்மையில் கணையம் நாராகிப் போயிருந்ததை அவர் கண்டார். நோயின் பெயரே அதிலிருந்து வந்தது. பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதைக் கூட எட்டவில்லை.

1948 கோடையில் நியூயார்க்கைக் கடும் வெப்ப அலை தாக்கியபோது, இந்நோயுள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட எளிதில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்தனர். அங்குப் பணியாற்றிய பால் டி சான்ட் ஆக்னீசி இதை ஆராய்ந்து, அவர்களின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்று 1953-இல் நிறுவினார். 1959-இல் பாதுகாப்பான வியர்வைச் சோதனை வந்தது. அதன் பின் நோயைப் பிழையின்றிக் கண்டறிய முடிந்தது.

உணவைப் பற்றிய கதை எலும்போடு நேரடியாகத் தொடர்புடையது. கொழுப்பு செரிக்கவில்லை என்பதால் கொழுப்பையே குறைத்துக் கொடுப்பதுதான் நெடுங்காலம் வழக்கம். குழந்தைகள் பசியோடும் மெலிவோடும் வளர்ந்தனர். 1970-களில் கனடாவின் டொராண்டோ நகரில் மருத்துவர் டக்ளஸ் குரோசியர் இதைத் தலைகீழாக மாற்றினார். வெண்ணெய், முழுப்பால், முட்டை எல்லாம் தாராளமாகக் கொடுத்து, செரிக்க வைக்கும் கணைய நொதிகளையும் கூடுதலாகக் கொடுத்தார். 1988-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகர நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 21 ஆண்டுகளாகவும், டொராண்டோவில் 30 ஆண்டுகளாகவும் இருந்தது. நுரையீரல் சிகிச்சையில் இரு நகரங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. டொராண்டோப் பிள்ளைகள் உயரமாகவும் இருந்தனர். தட்டில் என்ன வைக்கிறோம் என்பது 9 ஆண்டு ஆயுளாக நின்ற இந்த ஒப்பீட்டை, உணவியல் படிக்கும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எலும்பு கண்ணில் பட்டது

1979-இல் அமெரிக்காவிலிருந்து இரண்டு ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. இந்நோயாளிகளின் எலும்பில் தாது உப்பு குறைந்திருப்பதாகவும், இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதாகவும் அவை கூறின. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு உடலில் சேராவிட்டால் அவையும் சேரா. வைட்டமின் டி இல்லாமல் குடல் சுண்ணாம்புச் சத்தைச் சரிவர உறிஞ்சாது. ஆகவே மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்றே அன்று தோன்றியிருக்கும்.

அது அவ்வளவு எளிதாக இல்லை. 1998-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ராபர்ட் ஆரிஸ் குழுவினர், நோய் முற்றி நுரையீரல் மாற்று அறுவைக்கான நிலையில் இருந்த 70 பெரியவர்களை ஆராய்ந்தனர். விலா எலும்பு முறிவு பொதுமக்களைவிட 10 மடங்கும், முதுகெலும்பு நசுங்குதல் 100 மடங்கும் மிகுதியாக இருந்தன. பாதிக்கு மேற்பட்டோருக்குக் கூன் விழுந்திருந்தது. இவை பெரியவராகும் வரை வாழ்வதன் பின்விளைவுகள் என்று அக்கட்டுரையின் தலைப்பே சொன்னது. எழுபது வயதுப் பாட்டிக்கு வரும் முதுகெலும்பு இவர்களுக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் வந்திருந்தது.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. மனிதன் தன் எலும்புத் தாதுவின் பெரும்பகுதியைப் பருவ வயதில்தான் சேர்த்துக்கொள்கிறான். இந்நோயாளிகளுக்கு எடை குறைவு, பருவமடைதலும் தாமதம். நுரையீரலில் ஓயாமல் நடக்கும் தொற்று, அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. அவை எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. மூச்சுத் திணறலுக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தும் எலும்பைத் தின்னும். மூச்சு வாங்கும் பிள்ளை ஓடியாடி விளையாடுவதும் குறைவு. கணையம் கெட்டுப் பின்னாளில் நீரிழிவும் சேர்ந்துகொள்ளும்.

விலா எலும்பு முறிவதை மற்றவர்கள் சில வார வலியாகக் கடந்துவிடலாம். இந்நோயாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. நுரையீரலில் தேங்கும் சளியை நாள்தோறும் மார்பில் தட்டியும் இருமியும் வெளியேற்றியாக வேண்டும். பலமான இருமலாலேயே விலா முறிவதும் உண்டு. முறிந்த விலாவோடு இரும முடியாது. இருமாவிட்டால் சளி தங்கும், தொற்று பெருகும், அழற்சி மறுபடி எலும்பை அரிக்கும். கூன் விழுந்தால் மார்புக்கூடு சுருங்கி, ஏற்கெனவே குறைந்த மூச்சுக்கு இடம் இன்னும் குறையும். மிக மோசமான எலும்புப்புரை இருந்தால் நுரையீரல் மாற்று அறுவைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படும் வாய்ப்பும் இருந்தது. அறுவைக்குப் பிந்தைய ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் பிற மருந்துகளும் எலும்பை மேலும் நலிவிக்கும் என்பதே அதற்குக் காரணம்.

சிகிச்சையும் மரபணுவும்

எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டன. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பமிட்ரோனேட் என்ற மருந்தை நரம்பில் ஏற்றியபோது எலும்பு அடர்த்தி கூடியது. ஆனால் பலருக்கு எழுந்து நடமாட முடியாத அளவு எலும்பு வலி உண்டானது. ஏற்கெனவே ஸ்டீராய்டு உட்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வலி வரவில்லை. எலும்பைக் கெடுக்கும் மருந்தே இங்கே வலிக்குக் கவசமானது, மருத்துவத்தில் காணும் விசித்திரங்களில் ஒன்று.

1989-இல் லாப்-சீ சூயி, பிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் 7-ஆம் குரோமோசோமில் இந்நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்தன. அது உருவாக்கும் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம், செல்லின் சுவரில் குளோரைடு போய்வரும் வாசல். அந்த வாசல் எலும்புக்கும் தேவையா? 2004-இல், இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு எலும்பு மிகவும் மெலிந்திருப்பது தெரிந்தது. 2007-இல் மனித எலும்புச் செல்களிலேயே அப்புரதம் இருப்பது கண்டறியப்பட்டது. ஆக, எலும்புக் குறை முழுவதும் உணவாலும் தொற்றாலும் வந்த பக்கவிளைவு அன்று, ஒரு பகுதி நோயின் வேரிலேயே இருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது.

2005-இல் அமெரிக்க வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்கள் அனைவருக்கும் டெக்சா என்ற எலும்பு அடர்த்திப் படம் எடுக்கப் பரிந்துரைத்தது. எடைக் குறைவு, தாமதமான பருவம், ஸ்டீராய்டுப் பயன்பாடு போன்றவை இருந்தால் 8 வயதைக் கடந்த குழந்தைகளுக்கும் எடுக்க வேண்டும். வைட்டமின் டி, கே, கால்சியம், எடை தாங்கும் உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகியவை அடிப்படைச் சிகிச்சையாயின.

இந்தியாவில் இந்நோய் இல்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1960-களின் இறுதியிலிருந்து அறிக்கைகள் வரத் தொடங்கின. இன்று புது தில்லி எய்ம்ஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இக்குழந்தைகளுக்குச் சிகிச்சை தரப்படுகிறது. நோயைக் காசநோய் என்றோ வெறும் ஊட்டக்குறைவு என்றோ கருதிப் பல ஆண்டுகள் இழக்கப்படுவது இங்குள்ள பெரிய சிக்கல். எலும்பு சேரும் வயது அதற்குள் கழிந்துவிடுகிறது.

2012-இல் ஐவாகாஃப்டர் என்ற மருந்தும், 2019-இல் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரையும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை பழுதான வாசலையே திருத்துபவை. விலையோ ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர். ஐவாகாஃப்டர் எடுத்தவர்களின் எலும்பில் சில முன்னேற்றங்கள் பதிவாகியுள்ளன. அந்நாட்டில் இன்று பிறக்கும் நோயாளிக் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 50-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இம்மருந்துகள் வருமுன்பே வளர்ந்துவிட்டவர்கள், பசியிலும் தொற்றிலும் கழிந்த பருவ வயதில் கட்டிய எலும்போடுதான் மாதவிடாய் நிற்கும் காலத்தையும் முதுமையையும் எதிர்கொள்கிறார்கள். வயது முதிர்ந்த நோயாளிகளை இத்தனை பேராக மருத்துவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லை.