வராத நோய்க்குச் சாட்சி யார்? மீள்வரும் சிறுநீர்த்தொற்றும் சீன மூலிகை மருத்துவமும்

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ சிறுநீர்த்தொற்று கண்டால், அதை மீள்வரும் தொற்று என்று இன்றைய மருத்துவம் வகைப்படுத்துகிறது. இதற்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காரணி பெரும்பாலும் ஈ.கோலை நுண்ணுயிர். சீன மருத்துவம் இத்தொல்லையை ‘லின்’ என்ற தலைப்பில் வைத்துப் பல வகையாகப் பிரித்தது. எரிச்சலோடு வருவது வெப்ப லின், கல்லோடு வருவது கல் லின், குருதியோடு வருவது குருதி லின். உடல் அயரும்போதெல்லாம் திரும்பி வருவதற்கு ‘லாவ் லின்’, அதாவது அயர்ச்சி லின், என்று தனிப்பெயர். முதன்முறை வரும் கடுப்பில் வெப்பத்தைத் தணிக்க வேண்டும், விடாது வரும் கடுப்பில் உடலின் ஆற்றலைத் தேற்ற வேண்டும் என்ற இந்தப் பார்வை மேம்போக்கானதன்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் பிறப்புவழியில் இட்டுப் பார்த்த 1993ஆம் ஆண்டுச் சோதனையில், போலி மருந்து பெற்றவர்களிடம் ஆண்டுக்குச் சராசரியாக 5.9 ஆக இருந்த தொற்று, களிம்பு பெற்றவர்களிடம் 0.5 ஆகவே இருந்தது. கிருமியைக் கொல்வதோடு அதற்கு இடங்கொடுக்கும் உடலையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் நோயைச் சரியாக வகைப்படுத்துவது ஒன்று, அதை வராமல் தடுப்பது வேறொன்று. பல நூற்றாண்டுப் பயன்பாடு என்பது, குறிப்பாகத் தடுப்பு மருந்தைப் பொறுத்தவரை, பயனுக்கும் நல்ல சாட்சியன்று, கேட்டுக்கும் நல்ல சாட்சியன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பயன். 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு ஏழு சோதனைகளையும் 542 பெண்களையும் கணக்கில் எடுத்தது. நுண்ணுயிர்க்கொல்லியோடு ஒப்பிட்ட மூன்று சோதனைகளில் (181 பெண்கள்) சீன மூலிகை பெற்றவர்களிடம் தொற்று திரும்புவது ஏறத்தாழ 72 சதவீதம் குறைவு. கேட்டவுடன் வியப்பூட்டும் எண்தான். ஆனால் அதன் நம்பக எல்லை 18 முதல் 91 சதவீதம் வரை விரிகிறது. ஏழு சோதனைகளுமே சார்புப் பிழைக்கு மிகுதியும் இடமளிப்பவை என்று மதிப்பாய்வாளர்களே எழுதினார்கள். பக்கவிளைவைப் பற்றிப் பேசியவை இரண்டே. சீன இதழ்களில் சமவாய்ப்பு முறைச் சோதனை என்று வெளியானவற்றின் ஆசிரியர்களைத் தொலைபேசியில் விசாரித்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. விசாரிக்கப்பட்ட 2235 சோதனைகளில் உண்மையாகவே அம்முறையைப் பின்பற்றியவை 207. இந்தப் பின்னணி தெரிந்த பிறகு 72 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள மனம் வராது. இன்னொரு சிக்கல் இந்நோயின் இயல்பிலேயே இருக்கிறது. தொற்று கொத்துக்கொத்தாக வந்து, பின் தானே ஓய்வதுண்டு. பெண்கள் மருத்துவரை நாடுவதோ தொல்லை உச்சத்தில் இருக்கும்போது. பிரிட்டனில் 598 பெண்களிடம் டி-மானோஸ் என்ற சர்க்கரையைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், போலி மருந்தாக ஃப்ரக்டோஸ் பெற்றவர்களில் 55.7 சதவீதத்தினரே ஆறு மாதத்துக்குள் மீண்டும் தொற்றுக்காக மருத்துவ உதவி நாடினார்கள். எஞ்சியவர்களுக்கு, அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு, வெறும் பழச்சர்க்கரையே கைகண்ட மருந்தாகத் தோன்றியிருக்கும். இதே கணக்கில்தான் எந்த ஊர் வைத்தியத்தின் கைராசியும் வளர்கிறது. காய்ச்சல் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். வராமற்போன தொற்றை யாரும் பார்ப்பதில்லை.

கேட்டின் கதை இதைவிடக் கசப்பானது. சூடான, எரியும் லின்னுக்குப் பெயர்பெற்ற ‘பாஜெங் சான்’ சோங் காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் இடம்பெற்ற பொடி. எட்டுச் சரக்குகள்: அவற்றில் அதிமதுரமும், பெயரிலேயே சீனத்தைச் சுமக்கும் நம் ரேவல்சின்னியும் உண்டு. எட்டில் ஒன்று ‘மு தோங்’. பழைய வழக்கில் அக்கேபியா கொடியைக் குறித்த அப்பெயர், பிற்காலத்தில் ‘குவான் மு தோங்’ என்ற அரிஸ்டோலோக்கியா இனக் கொடிக்கும் வழங்கியது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குகிறது. சிறுநீர்ப் பாதையைக் காக்க உண்டதே அப்பாதையைத் தின்றது. 1993இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், இதே இனத்தின் இன்னொரு செடி கலந்த மெலிவு மருந்தை உண்ட பெண்களிடம் இக்கேடு வெளிப்பட்டது; அவர்களில் 39 பேரின் சிறுநீரகங்களை அகற்றிப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்று இருந்ததாக 2000இல் அறிவித்தார்கள். குவான் மு தோங்கைச் சீன அரசு 2003இல்தான் விலக்கியது. தைவானில் 2010இல் வந்த ஆய்வு, மு தோங் 60 கிராமுக்கு மேல் உட்கொண்டவர்களிடம் சிறுநீர்ப் பாதைப் புற்று மிகுவதைக் காட்டியது. நாளுக்கு மூன்று கிராம் என்றாலும் இருபது நாளில் அந்த அளவு எட்டிவிடும். தடுப்புக்கென்று உண்பவர் மாதக்கணக்கில் உண்பார். மருந்துக்கும் புற்றுக்கும் இடையே ஆண்டுகள் கழிவதால், கொடுத்த வைத்தியர் இரண்டையும் இணைத்துப் பார்க்க வழியே இல்லை. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனத்தவை என்பதை இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை.

மு தோங் விளைத்த கேடு மரபின் பிழையன்று, சரக்கு மாற்றத்தின் பிழை என்பார்கள். ஒரே பெயரில் பல செடிகள் வழங்குவதும் அம்மரபின் நடைமுறைதான். கடைக்குப் போகும் நோயாளி வாங்குவது நூலில் உள்ள செடியை அல்ல, பெட்டியில் உள்ளதை. ஆளுக்கு ஆள் மாறும் மருந்தைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்பது இரண்டாவது மறுப்பு. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே நோய்க்கு இரட்டை மறைப்பு முறையில் ஒரு முன்னோட்டச் சோதனையை நடத்தி அது இயலும் என்று காட்டியிருக்கிறார்கள். சிறிய சோதனை என்பதால் பயனைப் பற்றி அதிலிருந்து முடிவு சொல்ல முடியாது. வலுவான மறுப்பு மூன்றாவது: நுண்ணுயிர்க்கொல்லியை மாதக்கணக்கில் கொடுத்தால் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் பெருகுகின்றன, மாற்று வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்கு மூலிகை ஒன்றே வழி என்றில்லை. மெத்தினமின் என்ற பழைய மருந்தைப் பிரிட்டனில் 240 பெண்களிடம் சோதித்து, நுண்ணுயிர்க்கொல்லிக்கு அது பெரிதும் சளைத்ததன்று என்று 2022இல் நிறுவினார்கள். சீன மூலிகைகளிலும் அத்தகைய தகுதி இருக்கக்கூடும்; கோப்டிஸ் வேரிலுள்ள பெர்பெரின், ஈ.கோலை திசுவில் ஒட்டுவதற்கான இழைகளை உருவாக்குவதைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். அதைக் கோப்பையிலிருந்து உடலுக்குக் கொண்டுவர, அரிஸ்டோலோக்கிக் அமிலம் இல்லையென்று ஒவ்வொரு தொகுதியிலும் உறுதிசெய்த சரக்கும், போலி மருந்துக் குழுவும், சிறுநீர் வளர்ப்புச் சோதனையால் உறுதிப்பட்ட தொற்றுக் கணக்கும், குறைந்தது ஓராண்டுக் கண்காணிப்பும் தேவை. சிறுநீரகச் செயல்பாட்டை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அளந்துகொண்டிருக்க வேண்டும்.