ஒப்புக்குச் சப்பாணி
கண்ணாமூச்சியில் அழுது அடம்பிடிக்கும் குட்டித் தம்பியையும் சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் அவன் அவுட் இல்லை. தமிழில் அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. மூன்று மொழி புழங்கும் ஓசூரில் கன்னடக்காரர்களுக்கு அவன் 'ஆட்டக்குண்டு லெக்கக்கில்லா': ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. தெலுங்கிலோ 'ஆட்டலோ அரட்டிபண்டு', ஆட்டத்து வாழைப்பழம்! எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒப்புக்கு என்றால் பேருக்கு. சப்பாணி, நடக்க இயலாமல் தவழ்பவர். (பிள்ளைத்தமிழின் சப்பாணிப் பருவம் வேறு, அது குழந்தை கைகொட்டுவது.) மூன்றில் நம் சொல்தான் உடற்குறையைக் குத்துகிறது.

இப்படிச் சலுகை தரும் வீடியோ கேமிலும் பெயர்ச் சிக்கல் உண்டு. 2018இல் வந்த 'செலஸ்ட்' ஆட்டத்தில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலும் ஆடலாம். உருவாக்கியபோது அந்த வசதிக்கு வைத்த பெயர் 'சீட் மோட்', ஏமாற்று முறை. வெளியிட்டபோது 'அசிஸ்ட் மோட்', உதவி முறை.