காஞ்சித் தறியும் உலகப் போரும்

பண்டைத் தமிழர் போரையும் இலக்கணமாக வகுத்தவர்கள். ஆநிரை கவர்தல் வெட்சி, மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, களத்தில் பொருதல் தும்பை, வெற்றி வாகை. இவ்வாறு திணை வகுத்த இலக்கணத்துள், போர்க்காலத்தில் ஊரில் தங்கிய உழவனும் நெசவாளனும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கெனத் தனித் திணை ஒன்றும் இல்லை. அன்று போர் பெரும்பாலும் படைவீரரின் தொழிலாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களோ, களத்திற்கு ஆயிரங்காதம் அப்பாலிருந்த அடுப்பையும் தறியையும் தம்முள் இழுத்துக்கொண்டன. அந்த இழுப்பின் வரலாற்றைக் காஞ்சிபுரத்தின் தறியைச் சான்றாகக்கொண்டு இங்கு ஆராய்வோம்.

காஞ்சியை அடுத்துப் பாலாற்றுப் பக்கம் அமைந்தது ஓரிக்கை. இறைவன் ஓரிரவு தங்கிய இடமாதலின் ‘ஓரிரவிருக்கை’ எனப் பெயர் பெற்றுப் பின்னர் ஓரிக்கை என மருவிற்று என்று, திருமழிசையாழ்வாரோடு தொடர்புடைய வைணவ மரபு கூறும். இன்று காஞ்சி மாநகரோடு ஒன்றிவிட்ட இத்தகைய ஊர்களின் வாழ்வு நெசவோடு பிணைந்தது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோர்வை பிடித்து மூன்று நாடாக்களால் நெய்யும் புடவை காஞ்சியின் கைத்திறன். ஆயினும் அப்புடவையின் பொருள் எதுவும் காஞ்சி மண்ணில் விளைவதன்று. பட்டு, கொள்ளேகாலத்திலிருந்தும் மைசூர்ச் சீமையிலிருந்தும் வந்தது. சரிகை சூரத்திலிருந்து வந்தது. பிரான்சு நாட்டுச் சரிகையும் ஒரு காலத்தில் இந்தியச் சந்தையில் மிகுதியாக விற்றது. செயற்கைச் சாயங்களுக்கு நம் நாட்டு நெசவாளர் முதல் உலகப் போர் வரை ஜெர்மனியையே பெரிதும் நம்பியிருந்தனர். தொலைவிலிருந்து வரும் இழையைக்கொண்டு வாழும் ஊர், தொலைவில் நடக்கும் போரினின்று தப்ப இயலாது.

1914இல் முதற்போர் மூண்டபோதே இவ்வுண்மை வெளிப்பட்டது. ஜெர்மானியச் சாயம் நின்றது. கிடைத்த சிறிதளவு சாயம் கொள்ளைவிலைக்கு விற்றது. அதே போர் வேறொரு தொழிலை மேலே தூக்கிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்தார் நடத்திய தோல் பதனிடும் தொழிலே அது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னாட்டு மாட்டுத்தோல் பிரிட்டிஷ் படைவீரரின் காலணிகளுக்கு வேண்டப்பட்டது. 1916இல் அரசே அத்தோலின் கொள்முதலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1918இல் போர் நின்றதும் அவ்வளவு பெரிய தேவையும் நின்றது. சரக்கைத் தேக்கி வைத்தவர்கள் விலைச்சரிவில் சிக்கினர். வாணியம்பாடியில் 1919இல் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரியோ, தோல் வணிகப் பெருமக்களின் கொடையால் வளர்ந்து இன்றும் நிற்கிறது. ஈட்டிய செல்வத்துள் நிலைத்தது எது என்பதற்கு இதுவே விடையாகும்.

இனி இரண்டாம் போருக்கு வருவோம். 1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்திய மக்களின் பேராளர்களைக் கலந்துகொள்ளாமலேயே, இந்தியாவும் போரில் இறங்கியதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். அதனை எதிர்த்துக் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி துறந்தன. ஆயினும் போர்ப்பணி நிற்கவில்லை. ஏறத்தாழ 2 இலட்சமாக இருந்த இந்தியப் படை 25 இலட்சமாகப் பெருகிற்று. அத்தனை பேருக்கும் உடை, போர்வை, கூடாரம், கட்டுத்துணி, கொசுவலை வேண்டும். ஆலைகளின் விளைவில் பெரும்பங்கு படைக்குச் சென்றது. 1940இல் வெள்ளி ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. செம்பைச் சிக்கனப்படுத்த 1943 முதல் ஓட்டைக் காலணா வெளிவந்தது. போர் எங்கோ நடக்கிறது என்றிருந்தவரின் மடியிலேயே அதன் அடையாளம் வந்து சேர்ந்தது.

பட்டின் கதை தனிக்கதை. 1930களில் ஜப்பானியப் பட்டும் சீனப் பட்டும் மலிவாக வந்து குவிந்தமையால் நம் நாட்டுப் பட்டு வளர்ப்போர் நலிந்தனர். அவர்களுக்காக 1934இல் பாதுகாப்பு வரி விதிக்க நேர்ந்தது. 1941 ஜூலையில் ஜப்பானின் சொத்துக்கள் முடக்கப்பட்டன. டிசம்பரில் அந்நாடு போரில் குதித்தது. அதுவரை நலிந்துகிடந்த மைசூர்ப் பட்டுக்கும், அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலப் பட்டுக்கும் திடீரெனப் பெருமதிப்பு ஏற்பட்டது. காரணம், பாராசூட் எனும் வான்குடை பட்டால் செய்யப்பட்டமையே. முசுக்கட்டைத் தோட்டங்கள் விரிந்தன, நூற்பாலைகள் எழுந்தன. மணப்பெண்ணின் கூறைப்புடவையாக வேண்டிய இழை, வானத்திலிருந்து குதிக்கும் வீரனைத் தாங்கும் குடையாயிற்று. பர்மாப் போர்முனையில் அவ்விழையும் போதாமல், படைத்தலைவர் ஸ்லிம் சணல் துணியாலேயே வான்குடை செய்வித்துச் சரக்குகளை இறக்கினார் என்பது வரலாறு.

இம்மாறுதலால் பயன் பெற்றவர் யார், நட்டமுற்றவர் யார் என வினவுதல் வேண்டும். முசுக்கட்டை பயிரிட்டவன் பிழைத்தான். பட்டை இருப்பு வைத்திருந்த முதலாளி ஏறிய விலை பெற்றார். கூலிக்கு நெய்தவருக்கோ நெய்த புடவைக்கான கூலியைத் தவிர வேறு வருவாய் இல்லை. பாவு வராத நாளில் தறி நிற்கும். தறியோடு, தார் சுற்றும் மனைவியின் கையும் பட்டு முறுக்கும் மூதாட்டியின் கையும் நிற்கும். விலையேற்றம் ஒன்றே, அது ஒரு வீட்டில் வரவாகவும் மறு வீட்டில் பட்டினியாகவும் நுழைந்தது.

1942ஆம் ஆண்டு தமிழ் முஸ்லிம்கள் மறக்கவொண்ணாதது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் இரங்கூனும் வீழ்ந்தன. பர்மாவிலிருந்து 4 முதல் 5 இலட்சம் இந்தியர்கள், பலர் காட்டுவழியே கால்நடையாக, தாயகம் நோக்கி வந்தனர்; வழியில் மாண்டோர் பல்லாயிரவர். சபராளிகளை நம்பியிருந்த கடற்கரை ஊர்களில் மணியார்டர் நின்றது. மலாயாவில் இருந்த தந்தையோ தமையனோ உயிரோடிருக்கிறாரா என்று அறிய வழியில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கைலி ஏற்றுமதி செய்த வணிகர்களின் கடை மூடியது; அக்கைலிகளை நெய்த தறிகளும் உடன் நின்றன. பர்மா அரிசி வாராமையால் அடுப்பும் அடங்கிற்று. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழ, சென்னை மக்கள் நகரைவிட்டு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். அரசு அலுவலகங்களும் இடம் பெயர்ந்தன.

இந்நிலையில் பருத்தி நூலுக்கும் பஞ்சம் வந்தது. ஆலைகள் தம் நூலைத் தாமே நெய்து படைக்கு அளித்தமையால், கைத்தறிக்குக் கிடைத்த நூல் சுருங்கி, விலை பன்மடங்காயிற்று. 1941இல் அமைக்கப்பட்ட உண்மையறியும் குழு, பொருளியல் அறிஞர் பி. ஜே. தாமஸ் தலைமையில் ஆராய்ந்து, 1942இல் அறிக்கை தந்தது. நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் கைத்தறிகள் உள்ளன என்றும், அவற்றை நம்பி வாழ்வோர் ஏறக்குறைய ஒரு கோடியினர் என்றும் அது கணக்கிட்டது. 1943 ஜூனில் துணி-நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. ஆலைத்துணியின் மீது விலையைப் பொறிக்க வேண்டுமென விதித்தனர். ஆயினும் கள்ளச்சந்தை ஒழியவில்லை. பதுக்கல் எந்த ஒரு சமுதாயத்துக்கும் தனியுடைமை அன்று. நம்மவருள்ளும் அது இல்லையென்று சொல்லிக்கொள்வது உண்மைக்கு மாறாகும்.

நம் மார்க்க அறிஞர்கள் இதனை ‘இஹ்திகார்’ என்னும் பெயரால் நெடுங்காலம் முன்பே ஆராய்ந்துள்ளனர். பதுக்கல் விலக்கப்பட்டது உணவுப் பொருளில் மட்டுமே என்பது ஷாஃபியீ மத்ஹபின் கருத்து. இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான இமாம் அபூயூசுஃபோ, எதனைத் தடுத்து வைத்தால் மக்களுக்குத் தீங்கு விளையுமோ அது எல்லாம் இஹ்திகாரே என்றார். நூல் உணவன்று, ஆயினும் நெசவாளனுக்கு நூலே உணவு. எனவே நூற்கட்டைப் பூட்டி வைத்தவன் அபூயூசுஃபின் தீர்ப்புக்குத் தப்ப வழியில்லை. மக்களுக்கு நேரும் தீங்கை நீக்குவதே இவ்விலக்கின் உட்பொருள் என்று ஷாஃபியீ மத்ஹபைச் சார்ந்த இமாம் நவவீ அவர்களே விளக்கியிருத்தலின், இரு மத்ஹபுகளின் நோக்கமும் ஒன்றே எனலாம். அரசு விலை நிர்ணயம் செய்வது தகுமா என்னும் வினாவும் பழையதே. பொதுநிலையில் அது கூடாதென்றாலும், மக்கள் தேவை நெருக்கும்போது நியாய விலையைக் கட்டாயமாக்கலாம் என இப்னு தைமிய்யா எழுதினார்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் பஞ்சத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எகிப்திலிருந்தும் ஷாமிலிருந்தும் தானியம் வரவழைத்துப் பங்கிட்டார்கள். மக்களுக்குக் கிடைக்கும்வரை தாமும் நெய்யையும் இறைச்சியையும் தொடவில்லை. பங்கீடு நடத்துவோர் தாமும் அப்பங்கில் அடங்கினால் மக்கள் அதனை ஏற்பர். 1943இல் வங்கத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டதற்குக் காரணம், தானியக் குறைவு மட்டுமன்று. விலை எட்டாமையும் ஆட்சியாளரின் பாராமுகமும் ஆகும். அவ்வழிவைக் கண்ட பின்னரே பெருநகரங்களில் பங்கீட்டு முறை பரவலாக நிலைபெற்றது. வீட்டுக்கு வீடு வந்த குடும்ப அட்டைக்கு அக்காலப் பங்கீடே வித்து.

போரால் விளைந்த மற்றொரு நன்மை கூட்டுறவு. சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935இலேயே தோன்றியது. இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைப்பது அதனையே. கட்டுப்பாட்டு நூலைச் சங்கங்களின் வழியே வழங்கத் தொடங்கியபின், ஊர்தோறும் சங்கங்கள் பெருகின. நூலுக்காகவே பிறந்து, நூல் தாராளமானதும் மறைந்தவையும் அவற்றுள் உண்டு. எனினும் தறி வைத்திருப்பவனே தன் நூலுக்கும் விற்பனைக்கும் பொறுப்பேற்கலாம் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றிற்று. 1945இல் அனைத்திந்தியக் கைத்தறி வாரியமும், 1949இல் மத்தியப் பட்டு வாரியமும் அமைந்தன. போரின்போது கற்ற பாடம் அமைதியின்போது நிறுவனமாயிற்று.

ஆயினும் முழு விடிவு வந்துவிடவில்லை. 1952-53இல் துணி தேங்கிக் கைத்தறியாளர் மீண்டும் வாடினர். திராவிட முன்னேற்றக் கழகத்தார் 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். அவர்களின் தலைவர் அண்ணாதுரை காஞ்சியின் மைந்தர். அதே ஆண்டு ஆலைத்துணிமீது கூடுதல் தீர்வை விதித்துக் கதருக்கும் கைத்தறிக்கும் உதவச் சட்டம் வந்தது. போர் கொணர்ந்த தேவை போரோடு அகன்றபோது, தறி பழைய துயருக்கே திரும்பியது.

காஞ்சி என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, புறத்திணையின் பெயருமாகும். தொல்காப்பியர் உலகின் நிலையாமையைக் காஞ்சி என்றார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ, மேல்வந்த பகையை எதிர்த்துத் தன்னிடம் காத்தலைக் காஞ்சி என்றது. போர் தந்த ஆதாயத்தை நோக்கின் தொல்காப்பியர் கருத்தே மெய், அது நிற்கவில்லை. கல்விச்சாலையும், கூட்டுறவும், குடும்ப அட்டையும் இன்றளவும் எளியோரைக் காக்கும் அரண்களாய் நிற்கின்றன. நெருக்கடி மீண்டும் வரும். விலைகள் மீண்டும் ஏறும். அன்று நம் கிடங்கின் சாவி எவர் பொருட்டுத் திறக்கும் என்பதை, வணிகக் குடும்பங்கள் மிகுந்த நம் சமுதாயம் அமைதிக் காலத்திலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கில் பூட்டி வைத்த நூற்கட்டும் இடம்பெறும்.